இரண்டு பெட்டியைக் கலந்தவர்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கருவியின் பெயர் அது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். நடுவில் வந்து நின்றால் தரை சரி. இவருக்கு அந்தக் கருவியே தேவையில்லை, கண்ணே போதும் என்பதால் வந்த பெயர். முப்பத்தொரு வருடம் டைல்ஸ் ஒட்டியவர்.

மருத்துவமனையின் எலும்புப் பிரிவில், நான்காம் எண் அறையில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. டாக்டரம்மாவின் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்குறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல டாக்டர். உங்க பேனா ஏன் அடிக்கடி உருண்டு விழுதுன்னு யோசிச்சீங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். உண்மையில் அந்தப் பேனா தினமும் விழும், தினமும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ரசமட்டம் குப்பைக்கூடையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நாலாக மடித்தார், மண்டி போட்டு மேசைக்காலுக்கு அடியில் செருகினார். பேனா நின்றது. அவர் எழவில்லை.

நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. மேசையின் வேறு காலையும் பார்க்கிறார் என்று நினைத்தோம். பிறகுதான் அவருடைய கை மேசை விளிம்பைத் தேடுவது தெரிந்தது. பின்னால் நின்ற அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, பழகிய வேலையைச் செய்வதுபோல இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

"மாமாவுக்குப் போறது ஈஸி. வர்றதுதான் கஷ்டம்" என்றார் மச்சான்.

"உனக்கு மட்டும் என்னடா? நீ எந்திரிக்கும்போது பழைய கதவு திறக்கிற சத்தம் கேக்குது" என்றார் ரசமட்டம்.

இருவருக்கும் மூட்டுத் தேய்மானம். பெரியவருக்கு ஐம்பத்திரண்டு வயது, நோய் முற்றியது. மச்சானுக்கு நாற்பத்து நாலு, நடுத்தரம். இருவருமே ஆய்வில் சேர வந்திருந்தார்கள்.

ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூட்டு தேய்ந்தவர்களுக்குக் கொலாஜன் பொடி உதவுமா என்று பார்ப்பது அது. நான் அதில் தகவல் சேகரிப்பவன். புள்ளியியலில் பட்டம் பெற்றவன். எங்கள் வீட்டில் தன் பெயரைத் தாண்டி ஒரு வரி எழுதிய முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பு அப்போதெல்லாம் சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேனா மாதிரி எப்போதும் என்னோடு இருக்கும். ஒவ்வொரு மாதமும் நோயாளிகளிடம் வலி எவ்வளவு என்று கேட்டுப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண் எழுத வேண்டும். அவர்கள் குடித்துவிட்டுத் திருப்பித் தரும் காலிப் பாக்கெட்டுகளை எண்ண வேண்டும்.

டாக்டரம்மா இருவருக்கும் விளக்கினார். "மூட்டுல ரெண்டு எலும்புக்கும் நடுவுல வழவழன்னு ஒரு மெத்தை இருக்கும். குருத்தெலும்பு. அதுக்குள்ள வலை மாதிரி பின்னிக் கிடக்கிறதுதான் கொலாஜன். உங்களுக்கு மெத்தை தேஞ்சுபோச்சு. மாட்டுத் தோல், மீன் தோலுல இருந்து அதே கொலாஜனை எடுத்துப் பொடியாக்கி, தினம் தண்ணியில கலந்து குடிச்சா வலி குறையுதான்னு பாக்கப்போறோம்."

"குடிச்சா நேரா முட்டிக்குப் போயிருமா?"

"போகாது. வயித்துல உடைஞ்சு, துண்டுதுண்டா ரத்தத்துல கலக்கும். அதுக்கப்புறம் முட்டிக்கு ஏதாவது பண்ணுதாங்கிறதுதான் கேள்வி. சில ஆய்வுகள்ல வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தேஞ்சது திரும்ப வளரும்னு யாரும் நிரூபிக்கல. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன்."

"நேர்மையாச் சொல்றீங்க" என்றார் ரசமட்டம்.

"இன்னொண்ணு. பாதிப் பேருக்குத்தான் கொலாஜன். மீதிப் பேருக்கு வெறும் மாவு. பாக்க ஒரே மாதிரி இருக்கும். எது யாருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இந்தத் தம்பிக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தாங்க தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"அதுக்கு முட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். எண் நாற்பத்தொன்று. மச்சான் நாற்பத்திரண்டு.

அவர்கள் அவ்வளவு அவசரமாகச் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நாலு மாடி, ஒவ்வொரு மாடியிலும் நீண்ட நடைக்கூடம், இருபது வகுப்பறை. தரை வேலை தொடங்க ஆறு மாதம் இருந்தது. காண்ட்ராக்டர் ரசமட்டத்தைக் கூப்பிட்டு, "மொத்தத் தரைக்கும் நீதான் தலைமை ஆள். ஆனா நின்னுக்கிட்டு மேய்க்கிற தலைமை எனக்கு வேண்டாம். நாள் முழுக்க மண்டி போட முடியும்னா வா. முடியலைன்னா சொல்லிரு, கேட்ல வாட்ச்மேனாப் போட்டுர்றேன். உன்னத் தெருவுல விட மாட்டேன்" என்றிருந்தார். அன்பாகத்தான் சொன்னாராம். அந்த அன்புதான் பயமாக இருந்தது என்றார் ரசமட்டம்.

முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு முழுக் கட்டடத்துக்கும் தலைமை ஆளாக இருந்ததில்லை. யாரோ வாங்கிய வேலையில் ஒரு பகுதி, ஒரு சமையலறை, இரண்டு குளியலறை, ஒரு வங்கியின் முன்கூடம். "எங்க போனாலும் நான் ஒட்டுன தரை ஒரு கதவோட முடிஞ்சிரும் தம்பி. அடுத்த அறை வேற ஆளு. ஒரு தடவையாவது இந்தக் கோடியில ஆரம்பிச்சு அந்தக் கோடி வரைக்கும் நானே போகணும்."

முதல் மாத முடிவில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. மேலே போகப் பதினான்கு படி, கைப்பிடி கிடையாது. அவர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நண்டு ஏறுவதுபோல ஏறினார். நானும் பின்னால் அதே வேகத்தில் ஏற வேண்டியிருந்தது. உள்ளே தரை முழுவதும் வெவ்வேறு டைல்ஸ். வேலை முடிந்த இடங்களில் மிஞ்சியவை. வெள்ளைக்குப் பக்கத்தில் பழுப்பு, பூப்போட்டதற்குப் பக்கத்தில் கறுப்பு. கண்ணுக்குத்தான் கந்தல், காலுக்கு ஒரே மட்டம். அவர் மனைவி ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கறுப்பு எங்கேருந்து?" என்று கேட்டேன்.

"அது ஒரு பல் டாக்டர் கிளினிக்கு. அங்க நான் வாய் திறக்கவே இல்ல" என்றார்.

வலி எவ்வளவு என்று கேட்டேன். பத்துக்கு எத்தனை? அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். மற்றவர்கள் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் காலை நீட்டி மடக்கி, எழுந்து நின்று, இரண்டடி நடந்து பார்த்து, "ஏழு. ஏழரைன்னு எழுதலாமா?" என்றார்.

"அரை கிடையாதுண்ணே."

"அப்ப ஏழே எழுது. அதிகமா எழுதிக் குறைச்சுக் காட்டுற புத்தி நமக்கு வேண்டாம்."

இரண்டாம் மாதம் ஆறு. மூன்றாம் மாதம் ஐந்து. மச்சானுக்கு ஆறிலிருந்து ஐந்து, பிறகு நாலு. ஆய்வில் இருப்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் மருத்துவமனையில் தொடைத் தசைக்கான பயிற்சி வகுப்பும் உண்டு. வேலை முடிந்து சிமெண்ட் தூசியோடு இருவரும் வந்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலில் மணல் பையைக் கட்டித் தூக்கிக்கொண்டிருப்பார்கள். "மணல் தூக்கித்தான் முட்டி போச்சு, மணல் தூக்கித்தான் முட்டி வரணுமாம். எந்த ஊரு நியாயம் இது?" என்று ரசமட்டம் அறை முழுக்கச் சிரிக்க வைப்பார். ஆனால் ஒரு வகுப்பையும் விட்டதில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, எதையும் பிடிக்காமல் மண்டி போட்டார். எதையும் பிடிக்காமல் எழுந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டார். "காண்ட்ராக்டர்ட்ட சொல்லிட்டேன். தரை என்னுதுன்னு" என்றார்.

நாலாம் மாதம் அவர் தன் வலியை நாலு என்றார். அதே வாரம்தான் அது நடந்தது.

ஒவ்வொரு பாக்கெட்டின் மூலையிலும் நோயாளியின் எண் சிறியதாக அச்சிடப்பட்டிருக்கும். கிழிப்பதற்கான வெட்டும் அதே மூலையில்தான் இருந்தது. அதனால் எல்லோரும் எண்ணையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். பாக்கெட் செய்தவர்களின் முட்டாள்தனம் அது. நான் முப்பது இருக்கிறதா என்று மட்டும் எண்ணுவேன். ஆனால் மூன்றாம் மாதக் கடைசியில் ரசமட்டம் அவசரமாகக் கிழித்துப் பொடியைத் தரையில் கொட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் மனைவி இருவருடைய பாக்கெட்டுகளையும் தையல் கத்தரியால் மறுமுனையில் நூல்பிடித்த மாதிரி வெட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். எண்கள் அப்படியே இருந்தன.

நாற்பத்தொன்று என்று எழுதிய பையைக் கொட்டினேன். பதின்மூன்று பாக்கெட்டில் நாற்பத்தொன்று. பதினேழில் நாற்பத்திரண்டு. மச்சானின் பையைக் கொட்டினேன். அதில் பதினேழு நாற்பத்தொன்று.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுப் படி ஏறினேன். மச்சானும் அங்கேதான் இருந்தார். பாக்கெட்டுகளைத் தரையில் பரப்பினேன். இருவரும் அதைப் பார்த்தார்கள். வெட்கப்பட்ட மாதிரியோ பயந்த மாதிரியோ தெரியவில்லை.

"மாறிப்போச்சா?" என்று கேட்டேன். மாறிப்போச்சு என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

"மாறல தம்பி. கலந்துதான் வெச்சோம்" என்றார் ரசமட்டம். "ரெண்டு பெட்டியையும் பிரிச்சு ஒரு பிஸ்கட் டின்னுல கொட்டிக் குலுக்கிருவோம். கைக்கு வந்தத எடுத்துக் குடிக்கிறது."

"எதுக்குண்ணே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இது தெரியாதா என்பதுபோல. "டைல்ஸ் வாங்குறோம்ல, ஒரே கம்பெனி, ஒரே டிசைன். ஆனா பெட்டிக்குப் பெட்டி நிறம் ஒரு பொட்டு மாறும். ஒரு பெட்டிய முடிச்சுட்டு அடுத்த பெட்டிய எடுத்தா, பாதித் தரை ஒரு நிறம், பாதித் தரை ஒரு நிறம், திட்டுத்திட்டாத் தெரிஞ்சுரும். அதனால நாலஞ்சு பெட்டிய ஒண்ணாப் பிரிச்சுக் கலந்துதான் ஒட்டணும். இது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். டாக்டரம்மா ஒரு பெட்டியில மருந்து, ஒரு பெட்டியில மாவுன்னு சொன்ன அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். ஒருத்தனுக்கு முழுசும், ஒருத்தனுக்கு ஒண்ணுமே இல்லாமலும் எப்படித் தம்பி?"

"ரெண்டு பேருக்கும் மருந்தா இருந்திருக்கலாமே? ரெண்டுமே மாவாகூட இருக்கலாமே?"

"இல்ல இல்ல" என்றார் மச்சான். "மொத நாளே கண்டுபிடிச்சுட்டோம். என் பாக்கெட்டு தண்ணியில போட்டதும் கரைஞ்சுது. மாமாவோடது கலங்கலா நின்னுச்சு. நல்லாக் கரையறதுதானே மருந்து? பெரிய வேலை மாமாவுக்கு, மருந்து எனக்குன்னா, அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"இவன் கிடக்கான். கலங்கலா நிக்கிறதுதான் சத்து. பசைப் பவுடர்ல எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு முப்பது வருஷமாக் கரைச்சவன் நான். மருந்து எனக்குத்தான் வந்துச்சு. இவன் இன்னும் இருபது வருஷம் மண்டி போட வேண்டியவன். இவனுக்கு வெறும் மாவக் குடுத்துட்டு நான் மட்டும் குடிக்கிறதா?"

"மாமா, கரைஞ்சது என்னுது."

"கலங்குனது என்னுதுடா."

தையல் மிஷினிலிருந்து அவர் மனைவி திரும்பாமலே சொன்னார்: "மருந்து ரெண்டு பாக்கெட்டுலயும் இருந்திருக்கும். மாவு ரெண்டு மண்டையிலதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நான் சிரிப்பதை அவர் கவனித்து மிஷினை நிறுத்தினார். "இத நீங்க மேல சொல்லணுமா தம்பி?"

"சொல்லணும் அக்கா."

"சொன்னா?"

"ரெண்டு பேரையும் எடுத்துருவாங்க."

"பயிற்சி வகுப்பையுமா?"

"தெரியல. அதையும்தான்னு நினைக்கிறேன்."

"இன்னும் ரெண்டே மாசம். அதோட பள்ளிக்கூட வேலை ஆரம்பிச்சுரும். இந்த மூலைய எல்லாம் நான் இப்பவே வெட்டிப் போட்டுர்றேன். யாருக்கும் தெரியாது" என்று கத்தரியைக் கையில் எடுத்தார்.

ரசமட்டம்தான் பேசினார். "வேண்டாம். அவன் வேலைய அவன் பாக்கட்டும். மட்டம் தப்புன தரைய நாம விட்டுட்டு வருவோமா?" அவர் குனிந்து பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பையில் போட்டார். நாலு மாதத்துக்கு முன்னால் அப்படிக் குனிய அவரால் முடிந்திருக்காது.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு என் படிப்பின் மேல் அவ்வளவு மரியாதை. ஒரு பொய் எண் உள்ளே போனால் அட்டவணை முழுவதும் பொய் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லிக் கொடுத்தவரை எனக்குப் பிடிக்கும்.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "நல்ல மனுசங்க" என்றார். பிறகு இரண்டு எண்ணுக்கு நேராகவும் 'நீக்கம்' என்று எழுதினார். பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்டேன். அது ஆய்வுக்கென்று நடப்பது, பட்டியலில் இல்லாதவர்களைச் சேர்க்க முடியாது. பொது நோயாளிகளுக்கான பயிற்சி அறைக்குச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் தந்தார். அது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை.

காலை ஒன்பது மணிக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன் தரையில் இருப்பான். ரசமட்டம் இரண்டு தடவை போனார். வரிசையில் நின்று முறை வருவதற்குள் முட்டி வீங்கிவிட்டது என்று மூன்றாம் தடவை போகவில்லை. மச்சான் கடையில் போய் ஒரு கொலாஜன் டப்பா வாங்கி வந்தார். ஒரு வயதான தம்பதி கடற்கரையில் ஓடும் படம் போட்டது. அதையும் ரசமட்டம் தனியாகக் குடிக்க மறுத்து இருவருமாகக் குடித்ததில் ஒரு மாத டப்பா பதினைந்து நாளிலேயே தீர்ந்துபோனது. டாக்டரம்மாவை வாசலில் மடக்கி டப்பாவைக் காட்டிக் கேட்டாராம். "இதுல கெட்டது எதுவும் இல்ல. நல்லது நடக்கும்னும் என்னால சொல்ல முடியாது. தொடைக்குப் பயிற்சி செய்யுங்க, எடை ஏறாமப் பாத்துக்குங்க, மண்டி போடாதீங்க" என்றிருக்கிறார்.

"மண்டி போடாம நான் வேற எங்க போறது?" என்று கேட்டாராம் ரசமட்டம். டாக்டரம்மாவே இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஆறாம் மாதம் முடிந்து கணக்கெல்லாம் சரிபார்த்த பிறகு, யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்தார்கள். இருபது பக்கம். நான் முதலில் தேடியது இரண்டு எண்களை.

நாற்பத்தொன்று, மாவு. நாற்பத்திரண்டு, மாவு.

திரும்பவும் பார்த்தேன். வரிசை மாறிப் படித்துவிட்டேனோ என்று அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். மாவுதான். ஒன்று கரைந்ததும் ஒன்று கலங்கியதும் தண்ணீரின் சூட்டைப் பொறுத்திருக்கலாம். ஒருவர் வெந்நீரில் போட்டிருப்பார், ஒருவர் பச்சைத் தண்ணீரில். பிஸ்கட் டின்னில் கொட்டிக் குலுக்கியது மாவோடு மாவைத்தான். அதனால் எதுவும் கெடவில்லை. அவர்கள் சொன்ன ஏழு, ஆறு, ஐந்து, நாலு எல்லாம் சுத்தமான எண்கள். பொய் எண் உள்ளே போகக்கூடாது என்று நான் வெளியே தள்ளியது இரண்டு உண்மையை.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். "அன்னிக்கு நமக்குத் தெரியாதே. நீ செஞ்சது சரி" என்றார். சரிதான். இன்றைக்கும் யாராவது கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். ஆய்வின் முடிவும் பெரிதாக ஒன்றும் இல்லை. இரு குழுவுக்கும் வலி குறைந்திருந்தது, கொலாஜன் குழுவுக்கு ஒரு மயிரிழை அதிகம். இதை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, பெரிய ஆய்வு வேண்டும் என்று டாக்டரம்மா எழுதினார்.

எது கொடுக்கப்பட்டது என்பதை நீக்கப்பட்டவர்களுக்கும் கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு உறையை எடுத்துக்கொண்டு மதியம் அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போனேன். தரை வேலை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரசமட்டம் உட்கார்ந்திருந்தார். தோளில் தொங்கும் அளவுக்குப் பெரிய காக்கிச் சட்டை. வலது முட்டியில் பட்டையாகக் கட்டு.

"வா தம்பி" என்றார். "வருகைப் பதிவேட்டுல எழுதிட்டுத்தான் உள்ள போகணும். இப்ப நீ எனக்கு எழுதித் தர்ற முறை."

என்ன ஆயிற்று என்று அவரே சொன்னார். மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. கீழ்த்தள நடையில் முக்கால் பாகம் அவர் கை. நாலாம் நாள் காலை ஒரு டைல்ஸை வைத்துத் தட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தபோது முட்டி பூட்டிக்கொண்டது. எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வழக்கம்போல மச்சான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். இந்தத் தடவை கால் நீளவில்லை. மண்டி போட்ட வாக்கிலேயே மணல் வண்டியில் உட்கார வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்களாம்.

"முப்பத்தொரு வருசம் அந்த வண்டிய நான் தள்ளுனேன். ஒரு நாள் அது என்னத் தள்ளுச்சு" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். "மாப்ளதான் இப்ப தலைமை ஆள். நல்லாப் பண்றான். என்னைவிட வேகம்."

நான் அவருடைய உறையைக் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள விடிஞ்சுரும். நீயே சொல்லு. யாருக்கு மருந்து?"

நான் சொன்னேன்.

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும் மாவுதாண்ணே."

அவர் உள்ளே பார்த்தார். நடையின் ஆரம்பம் கேட்டிலிருந்தே தெரியும். தூரத்தில் மச்சான் முதுகைக் காட்டி மண்டி போட்டிருந்தார். ரப்பர் சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நாலு மாசம் வலி குறைஞ்சுதே தம்பி. நீதானே எழுதுன. அப்ப நான் பொய் சொன்னேனா?"

"இல்லண்ணே. குறைஞ்சது நிஜம்."

"மாவுல எப்படிக் குறையும்?"

பயிற்சியில் தொடை பலம் பெற்றிருக்கும், மருந்து குடிக்கிறோம் என்ற நம்பிக்கைக்கே வலி கொஞ்சம் அடங்கும், இரண்டும் சேர்ந்து குறைத்திருக்கும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். படித்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்ப அந்த மாவையே இன்னும் ரெண்டு மாசம் குடுத்திருக்கலாமே" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விலை விசாரிப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாப்ளகிட்டயும் குடுக்கணுமா இத?"

"குடுத்துக் கையெழுத்து வாங்கணும்ணே."

"அவன் முட்டியும் கத்த ஆரம்பிச்சுருச்சு. என்கிட்டச் சொல்றதில்ல. ஆனா மருந்து உள்ள இறங்கியிருக்கு, இனி வலி என்னை ஒண்ணும் பண்ணாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறான். தினமும் அதச் சொல்லிட்டுத்தான் மண்டி போடுறான்." கையை நீட்டினார். "அவன் கடுதாசியையும் எங்கிட்டயே குடுத்துரு."

நான் விதியை நினைத்தேன். இந்த முறையும் நினைத்தேன். பிறகு இரண்டாவது உறையையும் எடுத்து அவர் கையில் வைத்தேன். என் ஆய்வுப் பதிவேட்டில் நாற்பத்திரண்டுக்கு நேராக, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அவர் இரண்டு உறையையும் சேர்த்து மடித்துக் காக்கிச் சட்டைப் பைக்குள் திணித்தார். வெளியே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. டைல்ஸ் லோடு. அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் ஊன்றி, கட்டுப் போட்ட காலைப் பின்னால் இழுத்தார். நான் கேட்டைத் திறக்க ஓரடி எடுத்து வைத்தேன். "நில்லு தம்பி, நான் திறக்கிறேன்" என்றார்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு, தூங்குறியா?" என்று கத்திவிட்டு மறுபடியும் ஹாரனை அழுத்தினான். அவர் இன்னும் பாதிதான் எழுந்திருந்தார்.